கதை பேசும் கட்டுத்தறிகள்

(ஜீலாங் நகரக் கடற்கரை மரப்பாவைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

ஓர் ஊரின் வரலாறு யாண்டுத் தங்கியிருக்கின்றது? ஏட்டில் என்பர் கற்றோர். கல்வெட்டில் என்பர் ஆராய்ச்சியாளர். முதியோர் நாவில் என்பர் ஊரார். இம்மூன்றும் உண்மையே. ஆயினும், ஏட்டை விரிப்போர் சிலர். கல்வெட்டைப் படிக்க வல்லோர் மிகச் சிலர். முதியோரோ ஒருவர்பின் ஒருவராக மறைந்துவிடுகின்றனர். ஆதலின், எழுத்தறியாச் சிறுவனும் கண்டு களிக்கும்படி, தன் பழங்கதையைக் கடற்கரையிலே நட்டு வைத்த ஊரொன்று உண்டெனின், அதனைப் பற்றிச் சிறிது ஆராய்வது மாணவராகிய நமக்குப் பயன் தருவதாம்.

அவ்வூர், ஆஸ்திரேலியாக் கண்டத்தின் தென்கிழக்கில், விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஜீலாங் என்னுந் துறைமுக நகரம். அதன் கடற்கரை நெடுக, லைம்பர்னர்ஸ் முனை தொடங்கி ரிப்பிள்சைடு பூங்கா வரையில், நூற்றுக்கு மேற்பட்ட வண்ண மரப்பாவைகள் தனித்தும் கூட்டமாயும் நிற்கின்றன. நீராடும் மகளிர், உயிர்காக்கும் வீரர், மாலுமிகள், மீன் பிடிப்போர், இசைக்குழுவினர், பழங்காலப் பந்தாட்டக்காரர், காவல் நீதிபதி, அந்நிலத்தின் தொல்குடியினர் எனப் பல்வேறு மாந்தர் வடிவங்கள் அவற்றுள் உள்ளன. அவ்வூரை நேரிற் காணும் பேறு எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. நூல்வாயிலாகவும் படங்கள் வாயிலாகவும் அறிந்தவற்றைத் தொகுத்து, அவற்றால் எழும் வினாக்கள் சிலவற்றைத் தோழர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறி என்னுஞ் சொல்

முதற்கண் சொல்லை ஆராய்வாம். இப்பாவைகளை அவ்வூரார் 'பொல்லார்டு' என வழங்குகின்றனர். பொல்லார்டு என்பது, துறையை அடைந்த கப்பலின் வடத்தைச் சுற்றிக் கட்டுதற்பொருட்டு நடப்படும் குட்டையான திண்ணிய கம்பம். இதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது? யானையையும் கன்றையும் பிணிக்குங் கம்பத்தைத் தறி என்றும் கட்டுத்தறி என்றும் கந்து என்றும் நம் முன்னோர் வழங்கினர். பிணிக்கப்படுவது விலங்காயினும் மரக்கலமாயினும் தொழில் ஒன்றே ஆதலின், கட்டுத்தறி என்றே ஈண்டு வழங்குவாம். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியுங் கவி பாடும் என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. ஜீலாங் நகரத்துக் கட்டுத்தறிகள் கவி பாடுவன அல்ல, கதை பேசுவன. அவை பேசுங் கதை மெய்யா, முழுமையா, இன்னும் எத்துணைக் காலம் பேசும் என்பனவே நாம் ஆராயத்தக்கவை.

இடமும் பெயரும்

மெல்போர்ன் மாநகரத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், போர்ட் பிலிப் என்னும் பெரிய விரிகுடாவின் மேற்குக் கிளையாகிய கொரியோ விரிகுடாவின் தென்கரையில் ஜீலாங் அமைந்துள்ளது. விக்டோரியா மாநிலத்தில் மெல்போர்னுக்கு அடுத்த பெருநகரம் இதுவே.

இவ்வூர்ப் பெயரிலேயே ஒரு பாடம் அடங்கியிருக்கின்றது. 1824-ஆம் ஆண்டில் ஹியூம், ஹோவெல் என்னும் இருவர் சிட்னிப் பக்கத்திலிருந்து தரைவழியே பயணஞ் செய்து இவ்விரிகுடாவை அடைந்தனர். ஆண்டு வாழ்ந்த மக்கள் நீர்ப்பரப்பை ஜில்லாங் என்றும், நிலத்தைக் கொராயோ என்றும் கூறியதாக அவர்கள் குறித்து வைத்தனர். பின்னர் வந்தோர் அப்பெயர்களை இடம் மாற்றிவிட்டனர். நீரின் பெயர் நிலத்துக்கு ஊர்ப்பெயராயிற்று. நிலத்தின் பெயர் கொரியோ எனத் திரிந்து நீருக்காயிற்று. பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டோர், அப்பெயர்களுக்கு உரியோரின் சொல்லைச் செவ்வனே கேளாமையால் விளைந்த மாற்றம் இது. வரலாறு எழுதப்படும்போது யாருடைய செவி கேட்கின்றது, யாருடைய கை எழுதுகின்றது என்பதை நாம் உசாவவேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

அம்மக்கள் வாதவுரங் என்னும் இனத்தவர். எண்ணிறந்த தலைமுறைகளாக அந்நிலத்தையும் நீரையும் ஆண்டு வந்தோர் அவர்களே. 1803-ஆம் ஆண்டில், விரிகுடாவின் கீழ்க்கரையில் ஆங்கிலேயர் அமைத்த சிறைக்குடியிருப்பிலிருந்து தப்பியோடிய வில்லியம் பக்லி என்னும் கைதியை அவர்கள் ஏற்றுக்கொண்டு, இறந்துபோன தம் உறவினன் ஒருவனே மீண்டு வந்தான் எனக் கருதிப் பாதுகாத்தனர். 32 ஆண்டுகள் அவன் அவர்களிடையே, அவர்தம் மொழி பேசி, அவர்தம் உணவை உண்டு வாழ்ந்தான். அயலான் ஒருவனுக்கு அம்மக்கள் காட்டிய அன்பு அத்தகையது. அயலார் அவர்களுக்குச் செய்ததோ வேறு. 1835-ஆம் ஆண்டில் ஜான் பாட்மன் என்பவன், ஆண்டுதோறும் போர்வை, கத்தி, கைக்கோடரி, மாவு முதலியன தருவதாகச் சொல்லி, மெல்போர்ன், ஜீலாங் பக்கங்களில் ஏறத்தாழ 6,00,000 ஏக்கர் நிலத்தைத் தொல்குடித் தலைவர்களிடமிருந்து உடன்படிக்கை வாயிலாகப் பெற்றுக்கொண்டதாகக் கூறினான். ஆளுநர் பூர்க் அவ்வுடன்படிக்கை செல்லாதென அவ்வாண்டிலேயே அறிக்கை விடுத்தார். மக்களுக்கு நிலத்தைத் திருப்பித் தருவதற்காக அன்று. நிலம் முழுவதும் ஆங்கில முடிக்கே உரியது என நிலைநாட்டுவதற்காக. 1838-ஆம் ஆண்டில் ஜீலாங் நகருக்குத் தெருக்கள் அளந்து வகுக்கப்பெற்றன.

துறையின் எழுச்சியும் தளர்ச்சியும்

ஜீலாங் நகரம் ஆட்டுமயிரால் வளர்ந்தது. மேற்கு விக்டோரியாவின் புல்வெளிகளில் மேய்ந்த செம்மறிகளின் மயிர் மூட்டை மூட்டையாக இத்துறைக்கு வந்து, கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. 1851-ஆம் ஆண்டில் பல்லராட் என்னும் இடத்திற் பொன் அகப்பட்டதும், பொன் தேடுவோர் திரள்திரளாக இத்துறையில் வந்திறங்கினர். கடற்பாலங்கள் நீண்டன, பண்டசாலைகள் உயர்ந்தன, 1857-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரோடு புகைவண்டிப் பாதையும் இணைந்தது. இருபதாம் நூற்றாண்டில், 1925-ஆம் ஆண்டில், போர்டு மோட்டார்ச் சாலையும் இவ்வூரில் தொழில் தொடங்கிற்று.

ஏறியது இறங்குதல் உலகியல்பு. கப்பல்கள் பெருத்தன, சரக்கேற்றும் முறை மாறிற்று, நகரின் நடுவேயிருந்த மரக்கடற்பாலங்கள் வேலையற்றுப் போயின. மயிர்ப் பண்டசாலைகள் வெறுமையாயின. 1990-ஆம் ஆண்டில், இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட பிரமிட் என்னும் சேமிப்புச் சங்கம் வீழ்ச்சியுற்று, எண்ணற்ற எளிய குடும்பங்களின் சேமிப்பை முடக்கிற்று. ஊர் தன்மேல் தானே கொண்ட நம்பிக்கை தளர்ந்திருந்த காலம் அது. அந்நிலையில், பாழ்பட்டுக் கிடந்த கடற்கரையை மீண்டும் மக்கள் உலாவுமிடமாக்க வேண்டும் என்னும் முயற்சி எழுந்தது. பழைய பண்டசாலையொன்றில் 1988-ஆம் ஆண்டிலேயே ஆட்டுமயிர்க் காட்சிசாலை திறக்கப்பெற்றிருந்தது. வேறு பண்டசாலைகள் பின்னர்ப் பல்கலைக்கழகக் கட்டடங்களாயின.

அம்முயற்சியின் ஒரு பகுதியாகவே, 1995-ஆம் ஆண்டில், நகர மன்றத்தார் ஜான் மிட்செல் என்னும் ஓவியப் பெண்மணியாரை இப்பாவைகளைச் செய்து தருமாறு வேண்டினர். அவர் தமக்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டவை, பழைய கடற்பாலங்களைத் தாங்கிநின்று, பின் பெயர்த்தெடுக்கப்பட்ட மரத்தூண்களே. ஒரு காலத்தில் ஊரின் செல்வத்தைச் சுமந்தவை, பயனற்றவையெனக் கழிக்கப்பட்ட பின்னர், ஊரின் நினைவைச் சுமக்கும்படி மறுமுறை நடப்பட்டன. இஃது எண்ணுந்தோறும் இன்பந் தருவதொன்றன்றோ!

செய்முறையும் அதன் பயனும்

இனி, அப்பாவைகளின் செய்முறையைக் காண்பாம். சிற்பிகள் பொதுவாகக் கல்லையோ மரத்தையோ குடைந்து, கை வேறு கால் வேறாகப் பிரித்து, நரம்புந் தசையும் தோன்றச் செதுக்குவர். மிட்செல் அம்மையார் அவ்வாறு செய்திலர். தூண் தூணாகவே இருக்க, அதன் தலைப்பகுதியை மட்டுஞ் சிறிது செதுக்கி முகமும் தொப்பியுமாக்கி, எஞ்சிய உருளை வடிவை உடலாகக் கொண்டு, உடையையும் கையையும் அணியையும் பெரும்பாலும் வண்ணத்தாலேயே புலப்படுத்தினர். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை எனப் பளிச்சென்ற நிறங்கள். சேய்மையிலிருந்து காண்போர்க்கு, மக்கள் சிலர் கடலை நோக்கி நின்று உரையாடுவது போலத் தோன்றும்; அணுகிக் காண்போர்க்கு, தறி என்பது தெளிவாகும்.

இவ்வெளிமை திறமையின்மையால் நேர்ந்ததன்று. பொருளின் இயல்புக்கு ஏற்ற அளவு அது. பருத்த தூணில் ஓடும் வீரனைச் செதுக்கினால் தூண் அழியும். நிற்கும் மனிதனைச் செதுக்கினால் தூணும் நிலைக்கும், மனிதனும் தோன்றுவான். ஆதலின் இப்பாவைகள் யாவும் நிற்கின்றன. வாளோங்குவாரும் குதிரையூர்வாரும் இவற்றுள் இல்லை.

இதனால் விளைந்த பயன் ஒன்றைச் சிறப்பாகக் கருதவேண்டும். பெருநகரங்களில் வெண்கலச் சிலைகள் உயர்ந்த பீடத்தின்மீது நிற்கும். தளபதியும் ஆளுநரும் மேலே, நாம் கீழே. அண்ணாந்து நோக்குதலே நமக்குரிய தொழில். ஜீலாங் கடற்கரையிலோ பீடம் இல்லை. காவல் நீதிபதியும் தறியே. மீன் பிடிப்போனும் தறியே. இருவரும் ஒரே வகை மரத்தினின்று வந்தவர். ஒரே மண்ணில் ஊன்றியவர். சிறு குழந்தையும் அவர்தம் முகத்தைக் கையால் தடவலாம். பெயர் தெரிந்த பெரியோர் சிலரே. பெயர் தெரியா எளியோர் பலர். ஊர் என்பது ஆண்டாரால் மட்டும் ஆயதன்று. நீந்தினாரும் உழைத்தாரும் இசைத்தாரும் கூடியே ஊராயினர் என்னுங் கருத்தை, ஒரு சொல்லும் எழுதாமல் இவ்வமைப்பே உணர்த்துகின்றது.

நீராடுந் துறை

பாவைகள் கால வரிசைப்படி நிறுத்தப்பெறவில்லை, இடத்துக்கேற்ப நிறுத்தப்பெற்றுள்ளன. கிழக்குக் கடற்கரையில் நீராடும் மகளிரின் கூட்டம் ஒன்று காண்போர் உள்ளத்தை முதலிற் கவர்வது. பழங்கால நீராடல் உடையும் தலைக்கவிகையும் அணிந்து, ஒருவரையொருவர் ஒட்டி அவர்கள் நிற்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி நீராடுமிடங்கள் இருந்தன. இருபாலாரும் ஒருங்கே கடலாடுதல் நாணத்தக்கதாகக் கருதப்பட்டது. நாளடைவில் அவ்வழக்கம் தளர்ந்தது. வேலையின்மை மிகுந்த 1930-களில் கட்டப்பெற்று, 1939-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கிழக்குக் கடற்கரை நீராட்டு வளாகம், அரைவட்ட நடைபாதையோடு இன்றும் மக்களுக்குப் பயன்பட்டு வருகின்றது. ஆடையின் நீளம் குறைந்த வரலாறு என்று சிலர் இதனை நகையாடக்கூடும். ஆயின், பொதுநீரில் இறங்கும் உரிமை பெண்டிர்க்கு எவ்வாறு படிப்படியாகக் கிடைத்தது என்னும் வரலாறும் அதனுள் அடங்கியிருத்தலைக் கூர்ந்து நோக்குவோர் உணர்வர்.

காவல் நீதிபதி

பெயருடைய பாவைகளுள் ஒன்று காப்டன் பாஸ்டர் பையன்ஸ் என்பவருடையது. 1790-ஆம் ஆண்டில் அயர்லாந்திற் பிறந்து, ஸ்பெயின் நாட்டுப் போரிலும், பின்னர் இந்தியாவிலும் பர்மாவிலும் படைத்தொழில் புரிந்து, ஆஸ்திரேலியாவுக்குச் சென்றவர் அவர். 1834-ஆம் ஆண்டில் நார்போக் தீவில் கைதிகள் செய்த கலகத்தை அடக்கியவரும் அவரே. ஆண்டு அவர் விதித்த கடுந்தண்டனைகளால் 'கசையடிப் பையன்ஸ்' என்னும் பெயரே அவருக்கு வழங்கலாயிற்று. 1837-ஆம் ஆண்டில் ஜீலாங் நகரத்தின் முதற் காவல் நீதிபதியாக வந்து, 1870-ஆம் ஆண்டில் ஆண்டே உயிர்நீத்தார். பையன்ஸ்போர்டு என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அவரை நினைவூட்டுகின்றது.

இத்தகைய ஒருவரை எவ்வாறு நினைவுகூர்தல் தகும்? வெண்கலத்திற் பீடமேற்றினால், கசையடியும் புகழாகிவிடும். அறவே மறைத்துவிட்டாலோ, ஊரின் தொடக்கமே பொய்யாகிவிடும். மிட்செல் அம்மையார் மூன்றாவது வழியொன்றைக் கண்டார். அவரைப் பலருள் ஒருவராகத் தரையில் நிறுத்தினார். அதனாற் புகழ்ச்சி குறைந்தது, இருப்பு மறையவில்லை.

முயலின் கதை

இனி, இக்கடற்கரையில் மறைந்திருக்கும் சிறு பொருள் ஒன்றைச் சொல்லவேண்டும். பாவைகள் சிலவற்றின் அடியில் ஒரு சிறு முயலின் உருவம் வரையப்பட்டிருக்கின்றது. உலாவ வரும் சிறுவர்கள் அம்முயல்களைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே கொண்டிருக்கின்றனர். ஆயினும் அது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று.

ஜீலாங் நகருக்கு மேற்கே வின்செல்சீ என்னும் ஊரின் பக்கத்தில், பார்வன் பார்க்கு என்னும் பண்ணையை உடையவராயிருந்தவர் தாமஸ் ஆஸ்டின் என்னுஞ் செல்வர். தாம் பிறந்த இங்கிலாந்தில் ஆடிய வேட்டையைப் புதுநாட்டிலும் ஆடவேண்டும் என விழைந்து, அவர் முயல்களை வரவழைத்தார். 1859-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ஆம் நாள், 24 முயல்கள் மெல்போர்ன் துறைக்குக் கப்பலில் வந்து சேர்ந்தன. அவற்றை அவர் தம் பண்ணையில் வளர்த்தார். பகைவிலங்கு குறைந்ததும் புல் நிறைந்ததுமான அந்நிலத்தில் அவை பெருகிய வேகத்தை என்னென்பது! சில பத்தாண்டுகளுள் கண்டத்தின் பெரும்பகுதியிற் பரவின. 1920-களில் அவற்றின் தொகை சுமார் ஆயிரங்கோடி என மதிப்பிட்டனர். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரையில் மூன்று முயல்வேலிகள் கட்டப்பெற்றன. அவற்றின் மொத்த நீளம் 3,200 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. வேலியும் அவற்றை நிறுத்தவில்லை. 1950-ஆம் ஆண்டில் மிக்ஸோமா என்னும் நோய்நுண்மத்தைப் பரப்பி அவற்றை அழிக்க முற்பட்டனர். முதலிற் பெருந்தொகையாக மாண்டன. எஞ்சியவை நோயைத் தாங்கும் ஆற்றல் பெற்று மீண்டும் பெருகின. இற்றைநாள் முயல்களின் மரபுக்கூறுகளை ஆராய்ந்த அறிஞர், அக்கண்டத்து முயற்பெருக்கத்தின் மூலம் பெரும்பாலும் ஆஸ்டினுடைய அந்த முயல்களே என்று 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

புல் அழிந்தது, மண் அரித்தது, அந்நாட்டுக்கே உரிய சிறு விலங்குகள் பல உணவும் வளையும் இழந்தன. இவ்வளவுக்குங் காரணம் கொடுமையன்று, ஒருவரின் பொழுதுபோக்கு. தன் ஊரை நினைந்து ஏங்கிய ஏக்கம். நல்லெண்ணமோ விளையாட்டெண்ணமோ, பின்விளைவை ஆராயாதவிடத்துப் பெருந்தீங்காய் முடியும் என்பதற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு அரிது. அதே 1859-ஆம் ஆண்டிலேதான் ஜீலாங் பந்தாட்டக் கழகமும் தோன்றிற்று. ஒரே ஆண்டில் தோன்றிய இரண்டு விளையாட்டுகளுள், ஒன்று ஊரை ஒன்றுபடுத்திற்று. மற்றொன்று நாட்டையே அரித்தது. பந்தாட்டக்காரர் உருவம் நிமிர்ந்து நிற்க, முயல் காலடியில் ஒளிந்திருக்கின்றது. பெருமைகள் கண்மட்டத்தில் தோன்றும். பிழைகளைக் குனிந்து தேடினால்தான் காணலாம் என்பதை இது குறிப்பால் உணர்த்துகின்றது போலும்.

ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். சிரித்த முகமும் பளிச்சென்ற வண்ணமும் கொண்ட இப்பாவைகள் வரலாற்றின் துயரத்தை மறைக்கின்றனவல்லவோ? தொல்குடியினரின் உருவங்களும் வந்தேறியவரின் உருவங்களும் ஒரே கரையில், ஒரே அமைதியோடு நிற்பதைக் காணும் அயலூரான், இருவரும் எக்காலத்தும் இவ்வாறே நட்புற நின்றனர் என்று மயங்கானோ? நிலம் இழந்தோரையும் நிலம் கொண்டோரையும் ஒரே தூணிற் செதுக்குதல் சமன்மையா, அன்றிச் சமன்மைபோலுந் தோற்றமா?

இத்தடை வலியுடையது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பீடமின்மை எல்லாரையும் ஒருநிகராக்குகின்றது என மேலே கூறினோம். அதுவே ஈண்டுக் குறையாகவும் ஆகின்றது. என்னை? எனின், வாழ்நாளில் ஒருநிகராக நடத்தப்படாதவரைச் சிலையில் மட்டும் ஒருநிகராக்கினால், நிகழ்ந்த வேற்றுமை மறைந்துபோம். கண்ணுக்கு இனிய பொருள் யாதும் கேள்வியை எழுப்புதற்கு முன்னரே மனத்தை ஆற்றிவிடும் இயல்புடையது.

இதற்கு விடை இரண்டு வகையாகக் கூறலாம். ஒன்று: பாவை நூல் அன்று, நூலுக்கு வாயில். உடன்படிக்கையின் சூழ்ச்சியையும், நிலம் பறிபோன வகையையும் ஒரு தறியில் எழுதிவிட முடியாது. தறி செய்யக்கூடியது, 'இவர் யார்?' என்று குழந்தையைக் கேட்கச் செய்தலே. அக்கேள்விக்கு மெய்யாக விடை சொல்லும் கடமை, உடன் வந்த பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. அவர் பொய் சொன்னால் குற்றம் தறியினதன்று. மற்றொன்று: தொல்குடியினர் அக்கடற்கரையில் உருவம் பெற்றிருத்தலே ஒரு சான்று. ஊர் 1838-இல் வெற்றிடத்தில் தோன்றியதன்று. அதற்கு முன்னும் ஆண்டு மக்கள் வாழ்ந்தனர் என்பதை அவ்வுருவங்கள் நாள்தோறும் அறிவிக்கின்றன. இவ்விரு விடைகளும் தடையை முற்றும் நீக்கிவிட்டன என்று யான் கூறேன். தம் கதையைத் தாமே தம் கையாற் செதுக்கும் வாய்ப்பு வாதவுரங் மக்களுக்கும் கிடைக்கும்பொழுதுதான் கணக்கு நேராகும். பிறர் கை எழுதிய பெயர் இடம் மாறிப்போனதை முன்னரே கண்டோமன்றோ!

மரமும் காலமும்

இறுதியாக ஒன்று. கல் நிலைக்கும், மரம் நிலைக்காது. உப்புக்காற்றும் வெயிலும் மழையும் இரவுபகலாக இப்பாவைகளைத் தாக்குகின்றன. வண்ணம் வெளுக்கும், மரம் வெடிக்கும், அடிப்பகுதி உளுத்துப்போம். பார்த்துப் பார்த்துப் பழுது நீக்கி, வண்ணம் புதுக்கி வந்தாலன்றி அவை நில்லா. மிட்செல் அம்மையாரோ 2008-ஆம் ஆண்டிற் காலமாயினார். இனி அவற்றுக்கு வண்ணந் தீட்டுங் கை அவர் கையன்று, ஊராருடைய கை.

இதனைக் குறையென்று கூறுவோரும் உளர். எனக்கோ இதுவே இப்பாவைகளின் தலைசிறந்த பண்பாகத் தோன்றுகின்றது. கல்லிற் பொறித்துவிட்டோம் என்று எண்ணும் மக்கள், அக்கல்லையே மறந்துவிடுவதுண்டு. கல் மறக்கப்பட்டும் நிற்கும். காட்டில் முட்புதரினிடையே கிடந்தும் அழியாதிருக்கும். ஆதலால் மறதி வெளிப்படாது. மரமோ அவ்வாறன்று. ஊரார் சில ஆண்டுகள் மறந்தால், மறதி அதன் முகத்திலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையும் தூரிகையை எடுத்து, 'இவரை இன்னும் நாம் நினைக்கவேண்டுமா? நினைப்பதாயின் எந்நிறத்தில் நினைப்பது?' என்று தன்னைத்தானே வினவிக்கொள்ளும்படி செய்கின்றது அது. நினைவு ஒருமுறை நாட்டிவிட்டுப் போகத்தக்க பொருளன்று. நாடோறும் பேணத்தக்க பயிர்.

போர்டு மோட்டார்ச் சாலை 2016-ஆம் ஆண்டில் வண்டி செய்யுந் தொழிலை நிறுத்திற்று. மயிர்மூட்டைகள் போயின, பொன் தேடுவோர் போயினர், கடற்பாலங்கள் பல போயின. போனவற்றைச் சுமந்த தூண்கள் மட்டும் முகம் பெற்றுக் கடலை நோக்கி நிற்கின்றன.

தோழர்காள்! இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவன மூன்று. கழிக்கப்பட்ட பொருளும் கருத்துடையார் கையிற் பயன்படும் என்பது ஒன்று. வரலாற்றில் எளியோர்க்கும் இடமுண்டு. ஆனால் இடம் அளித்தல் மட்டும் நீதியாகாது என்பது இரண்டு. பெருமையை நிமிர்ந்து காண்பதோடு நில்லாது, பிழையைக் குனிந்தும் தேடவேண்டும் என்பது மூன்று. கப்பலைக் காற்று இழுத்துச் செல்லாதபடி பிணித்து நிறுத்துவது கட்டுத்தறியின் பழந்தொழில். ஓர் ஊரின் நினைவை மறதி இழுத்துச் செல்லாதபடி பிணித்து நிறுத்துவது அதன் புதுத்தொழில். தறி உறுதியாய் இருத்தல் மட்டும் போதாது. வடத்தைக் கட்டும் கையும் விழிப்பாய் இருத்தல் வேண்டும்.